உக்குவளையிற் கண்ட பத்திலொரு செக்கன்

கண்டி மாநகரிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையிலே மகாவலியைக் கடந்து, வத்துகாமம் வழியாக மாத்தளையை நோக்கிச் செல்லும் பாதை அவசரக்காரருக்கு ஏற்ற பாதையன்று. வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் நிறைந்த அவ்வழியிலே பஸ் வண்டி தன் விருப்பப்படியே செல்லும். பிரயாணிகள் அதன் விருப்பத்துக்கு இணங்கியிருத்தல் வேண்டும். இருமருங்கும் மிளகுக் கொடிகள் சுற்றிப் படர்ந்த மரங்களையும், கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் செழித்த தோட்டங்களையும், இடையிடையே படிபடியாக இறங்கும் வயல்களையும் கண்டு மகிழ்ந்திருக்கும்போதே உக்குவளை வந்துவிடுகிறது.

மாத்தளை நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் அமைந்துள்ள சிற்றூர் இது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் ஊர். கடைத்தெருவில் நின்று செவிகொடுத்தால் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மொழிகளும் பலவகைப் பேச்சு வழக்குகளும் காதில் விழும். கண்டியிலிருந்து மாத்தளை வரை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில் உக்குவளைக்கென ஒரு நிலையமும் உண்டு. கிழக்கே தலை நிமிர்ந்து பார்த்தால் மேகம் தவழும் மலைகள். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் அம் மலைச் சரிவுகளிலே பச்சைப் பாய் விரித்தாற் போலத் தோன்றும்.

இத்தகைய ஊருக்கு நாம் 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் சென்றிருந்தோம். சென்றது இயற்கையழகைக் காண்பதற்கன்று. சுற்றுவட்டாரப் பாடசாலைகள் சில கூடி நடத்திய மெய்வல்லுநர் போட்டியைக் காண வருமாறு, அங்கே ஆசிரியப் பணி புரியும் நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். ஓட்டத்தைக் காணச் சென்ற நாம், ஓடியவர்களைவிட, கோட்டருகே கையிற் கடிகாரத்துடன் நின்றவர்களையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களைப் பற்றியதே இக் கட்டுரை.

நதி திரும்பிய ஊர்

மைதானத்துக்குச் செல்லுமுன் ஊரின் பெருமை ஒன்றைக் கூறிவிடுதல் தகும். மகாவலி நதியின் நீரில் ஒரு பகுதியைப் பொல்கொல்லையிலே அணையிட்டு மறித்து, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாக மலையின் வயிற்றுக்குள்ளே செலுத்தி, உக்குவளையில் வெளிப்படுத்தியிருக்கிறார்கள். வெளிப்படும் நீர், 1976ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுதுகங்கையிற் கலக்கிறது. சுதுகங்கை அம்பன்கங்கையை அடைய, மலைநாட்டு மழைநீர் வடக்கேயுள்ள வறண்ட வயல்களுக்குப் போய்ச் சேருகிறது.

அந்த மின்நிலையத்தின் உள்ளேயும் காலக்கணக்கே ஆட்சி செய்கிறது என்பதை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைந்து திரும்புதல் வேண்டும். அந்த எண்ணிக்கை சற்றே குறைந்தாலும் கூடினாலும் மின்நிலையத்தார் விழித்துக்கொள்வர். அத்தனை நுட்பமான காலக்கணக்கு மலையடிவாரத்தில் இரவு பகலாக நடைபெற, அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள புல்வெளியிலோ, ஆசிரியர்கள் தம் கட்டைவிரலை நம்பிக் காலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

இவ்வட்டாரத்துக்கும் கால்நடைக்கும் உள்ள தொடர்பு பழையது. கோப்பிப் பயிர் மலைநாட்டை ஆண்ட 19ஆம் நூற்றாண்டிலே, தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே நோயுற்று மாண்டவர் பலர். பிழைத்து வந்தவர் வழிபட்ட மாரியம்மன், இன்று மாத்தளை நகரிலே மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் சூழ வீதியுலா வருகின்றாள். நாட்கணக்கில் நடந்து வந்தவர்களின் பேரர்களின் பிள்ளைகள், இன்று செக்கனின் பத்திலொரு பங்குக்காக ஓடுகிறார்கள்.

கடிகாரமும் கட்டைவிரலும்

மைதானம் பெரியதன்று. புல்லின்மேற் சுண்ணாம்புக் கோடிட்டு ஆறு சுவடுகள் வகுத்திருந்தார்கள். ஒரு மூலையில் மாமரம்; அதன் நிழலிலே ஒலிபெருக்கி. முடிவுக் கோட்டுக்கு அப்பால், கோட்டுக்கு நேராக, படிக்கட்டுப் போல் அடுக்கிய ஒரு மரமேடை. அதன்மேல் ஆறு ஆசிரியர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒருவர் தலைக்குமேல் மற்றவர் பார்வை செல்லுமாறு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிறுத்தற் கடிகாரம்.

‘கடிகாரத்தை அமுக்குவதில் என்ன வித்தை இருக்கிறது?’ என்று வாசகர் கேட்கலாம். வித்தை கடிகாரத்தில் இல்லை, அமுக்குபவரிடத்திலேயே இருக்கிறது.

பழைய காலத்து நிறுத்தற் கடிகாரம் சாவி கொடுத்து இயக்குவது. அதனுள்ளே ஓடும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடித்தால், அதன் முள் செக்கனின் ஐந்திலொரு பங்கை மட்டுமே காட்டும். 36,000 முறை துடிக்குமாறு செய்தால் பத்திலொரு பங்கைக் காட்டும். பழைய ஓட்டச் சாதனைகள் ‘ஒன்பதே ஐந்தில் மூன்று செக்கன்’ என்று பின்னத்தில் எழுதப்பட்டமைக்குக் காரணம் இதுவே. இன்று மலிவாகக் கிடைக்கும் கடிகாரத்திலோ, செக்கனுக்கு 32,768 முறை அதிரும் படிகத் துண்டொன்று இருக்கிறது. அது நூறிலொரு பங்கையும் எண்ணாகக் காட்டும். கருவி இவ்வளவு முன்னேறிய பின்னும் அதை அமுக்கும் விரல் மாத்திரம் பாட்டனார் காலத்து விரலாகவே இருக்கிறது.

கண் கண்டதை மூளை உணர்ந்து, மூளை இட்ட கட்டளையை விரல் நிறைவேற்றுவதற்குச் செக்கனின் ஐந்திலொரு பங்கு அளவு காலம் செல்லும். ஓட்டம் தொடங்கும்போது இத்தாமதம் தவறாது நிகழ்கிறது. ஓட்டம் முடியும்போதோ, ஓடிவருபவரை முன்னரே கண்டு எதிர்பார்த்து நிற்பதால், விரல் தக்க தருணத்திலே அமுக்கிவிடுகிறது. தொடக்கம் பிந்தி, முடிவு பிந்தாமையால், கையாற் குறித்த நேரம் உண்மை நேரத்தினும் எப்போதும் சற்றுக் குறைவாகவே அமையும். ஆதலாற்றான், கையாற் குறித்த 100 மீற்றர், 200 மீற்றர் நேரங்களை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 செக்கன் கூட்டிக்கொள்வது மெய்வல்லுநர் உலகில் வழக்கமாயிற்று. 400 மீற்றருக்குக் கூட்டுவது 0.14 செக்கன்.

விரலின் இக் குறையை அறிந்தே சட்டம் வகுத்தவர்கள் பல காவல்களை வைத்திருக்கிறார்கள். காட்டிய நேரம் 13.41 ஆயின் 13.5 என்றே எழுதவேண்டும். நூறிலொரு பங்கு மிஞ்சினாலும் அடுத்த பத்திலொரு பங்குக்கு உயர்த்துவதே விதி. முதலாவதாக வருபவரின் நேரத்தை மூவர் குறித்தல் வேண்டும். மூவரில் இருவர் ஒத்திருந்தால் அந்நேரமே செல்லும். மூவரும் வேறுபட்டால் நடுவிலுள்ளதே செல்லும். இருவர் மட்டுமே குறித்திருந்தால் இரண்டில் நீண்டதே செல்லும். ஒருவர் தம் கடிகாரத்தை மற்றவருக்குக் காட்டுவதோ, கலந்துபேசி எழுதுவதோ கூடாது. ஓடுபவரின் தலையோ கையோ காலோ கோட்டை எட்டுவது கணக்கில்லை. உடற்பகுதி, அதாவது நெஞ்சு, கோட்டை எட்டும் கணமே கணம்.

அன்று உக்குவளை மேடையில் நின்ற ஆறு பேரில் மூவினத்தவரும் இருந்தார்கள். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, சிறு துண்டுக் கடதாசியில் நேரத்தை எழுதி, பிரதம நேரக் கணிப்பாளரிடம் ஒவ்வொருவராக நீட்டினார்கள். பரீட்சை மண்டபத்து மாணாக்கரைப் போல அவர்கள் தம் விடைகளை மறைத்த காட்சி நமக்கு நகைப்பையும் மரியாதையையும் ஒருங்கே உண்டாக்கியது.

புகையா, ஓசையா?

நேரக் கணிப்பாளர் கற்கவேண்டிய முதற்பாடம், காதை மறந்து கண்ணை நம்புவதாகும். ஓட்டம் தொடக்குபவர் துப்பாக்கியை வெடிக்கும்போது மூன்று நிகழ்ச்சிகள் உண்டாகின்றன: ஒளி, புகை, ஓசை. ஒளி கணத்தில் வந்துவிடும். ஓசையோ செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் நடந்து வருவது. நூறு மீற்றர் தூரத்தைக் கடந்து அது முடிவுக் கோட்டை அடைய 0.29 செக்கன் வேண்டும். ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தை இயக்குபவர், ஓட்டம் தொடங்கி ஏறக்குறைய பத்தில் மூன்று செக்கன் சென்ற பின்னரே இயக்குகிறார். அவர் குறிக்கும் நேரம் அந்த அளவு குறைந்துவிடும்.

பத்தில் மூன்று என்பது சிறு தொகை போலத் தோன்றும். நூறு மீற்றரைப் பதினான்கு செக்கனில் ஓடும் பாடசாலைச் சிறுமி, செக்கனுக்கு ஏழு மீற்றருக்கு மேல் செல்கிறாள். பத்தில் மூன்று செக்கனில் அவள் இரண்டு மீற்றருக்கு மேல் ஓடிவிடுவாள். கண்ணுக்குப் பதிலாகக் காதை நம்பியவர், தாம் அறியாமலே அச் சிறுமிக்கு இரண்டு மீற்றர் தூரத்தைத் தானமாக வழங்கிவிடுகிறார். அத் தானம் வேறொரு சிறுமியிடமிருந்து பறித்துக் கொடுக்கப்படுவது என்பதே இதிலுள்ள தீமை.

நான்காவது சுவடு

அன்று முற்பகல், சிறுமியரின் 100 மீற்றர் தெரிவோட்டம் நடைபெற்றது. பன்னிரண்டு பேர் வந்திருந்தமையால் இரு பிரிவாக ஓடவிட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதலிருவர் இறுதியோட்டத்துக்குத் தெரிவாவர். எஞ்சிய இரு இடங்கள், ஏனையோருள் குறைந்த நேரம் எடுத்த இருவருக்கு. இறுதியோட்டத்தில் இடம்பெறுவோரிலிருந்தே வலய மட்டப் போட்டிக்கு அனுப்புவோரைப் பொறுக்குவார்கள் என்பதால், அந்த ஆறாவது இடமும் அற்பமானதன்று.

முதற் பிரிவில் மூன்றாவதாக வந்தவள் கடைத்தெருவை அடுத்த பாடசாலைச் சிறுமி. அவள் நேரம் 14.4 செக்கன். இரண்டாம் பிரிவில் மூன்றாவதாக வந்தவளுக்கு 14.3. அவளுக்குப் பின்னே, நான்காவது சுவட்டில் ஓடி நான்காவதாக வந்தவள், மலைத்தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து அதிகாலையிலேயே இறங்கி வந்த சிறுமி. காலில் சப்பாத்து இல்லை. அவளுக்குரிய துண்டுக் கடதாசியில் 14.2 என்று எழுதியிருந்தது.

பிரதம நேரக் கணிப்பாளர் வயது முதிர்ந்த முஸ்லிம் ஆசிரியர். ஆறு துண்டுகளையும் வரிசையாக அடுக்கியவர் நான்காவது துண்டிலே நின்றுவிட்டார். மூன்றாவதாக வந்தவளுக்கு 14.3 ஆக, அவளுக்குப் பின்னே வந்தவளுக்கு 14.2 எங்ஙனம் அமையும்? முடிவிட நடுவர்களின் தீர்ப்பிலோ ஐயமில்லை. நான்காவது சிறுமி ஒரு முழு அடி பின்னே வந்ததை அனைவரும் கண்டிருந்தார்கள்.

நான்காவது சுவட்டுக்குக் கடிகாரம் பிடித்தவர் ஓர் இளம் ஆசிரியர். அச் சிறுமியின் பாடசாலையிலேயே கற்பிப்பவர். முதியவர் குரலை உயர்த்தாமற் கேட்டார்: “தம்பி, புகையைப் பார்த்தா அமுக்கினீர், சத்தத்தைக் கேட்டா?”

ஒரு சொல் கூறினால் முடிந்துவிடும். ‘புகையைப் பார்த்தே’ என்று அவர் சொல்லியிருந்தால், மறுப்பதற்கு ஒருவரிடமும் சான்று இல்லை. அவருடைய மாணவி இறுதியோட்டத்தில் நிற்பாள். அவள் எத்தனை மைல் நடந்து வந்தாள் என்பதும், அடுத்த ஆண்டு அவளை அனுப்பப் பெற்றோருக்கு இயலுமோ என்பதும் அம் மேடையில் நின்றவர்களுள் அவர் ஒருவருக்கே தெரிந்தவை. அவர் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார்.

“சேர், அந்த நேரம் பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். புகை தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் அமுக்கினேன்” என்றார்.

மேடையில் ஒருவரும் பேசவில்லை. முதியவர், “உண்மையைச் சொன்னீர், இனி வழி தேடலாம்” என்று மாத்திரம் கூறினார். 14.2 உடன் 0.3 கூட்டி 14.5 என்று எழுதி, ஆறாவது இடத்தை மற்றச் சிறுமிக்கு வழங்கிவிடலாம் என்றார் வேறோர் ஆசிரியர். முதியவர் இணங்கவில்லை. “சத்தத்துக்கு எவ்வளவு பிந்தினார் என்பது நமக்கு ஊகந்தானே? பத்திலொரு வித்தியாசத்துக்கு ஊகத்தால் தீர்ப்புச் சொல்லலாமா?” என்று கேட்டு, போட்டியை நடத்துவோருடன் கலந்து பேசினார். ஒருமணி நேரம் ஓய்வு கொடுத்து, அச் சிறுமியர் இருவரையும் பக்கம் பக்கமாக ஓடவிடுவது என முடிவாயிற்று.

அந்த ஓட்டத்துக்கு மைதானம் முழுவதுமே கோட்டருகே திரண்டது. கடிகாரங்களுக்கு இம்முறை தீர்ப்பளிக்கும் வேலையில்லை. முன்பின்னைக் கண்ணே கண்டுகொள்ளும். அறுபது மீற்றர் வரை மலைநாட்டுச் சிறுமியே முன்னே வந்தாள். பின்னர் மற்றவள் எட்டிப்பிடித்து, ஒரு சாண் முந்திக் கோட்டைக் கடந்தாள். தோற்றவள் இடுப்பிற் கைவைத்து மூச்சு வாங்கி நின்றாள். இளம் ஆசிரியர் அவளிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் எடுத்துக் கூறினார். அவள் கேட்டது ஒன்றே: “அப்ப நான் உண்மையிலே எத்தனை செக்கன், சேர்?” இரண்டாவது ஓட்டத்தில் புகை பார்த்துக் குறித்த நேரத்தை அவர் காட்டினார், 14.4. காலையில் அவள் ஓடியதாகக் கூறப்பட்டதைவிடப் பத்தில் இரண்டு அதிகம். எனினும் அது அவளுடைய சொந்த நேரம். அதை அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

உலக அரங்கிலும் இதே கதை

உக்குவளைப் புல்வெளியில் எழுந்த வினா, உலகப் பேரரங்குகளையும் உலுக்கியதுண்டு. 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில், ஆடவர் 100 மீற்றர் நீச்சற் போட்டியின் இறுதியிலே அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிற்றும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒன்றாகவே சுவரைத் தொட்டார்கள். டெவிற்றுக்குக் கடிகாரம் பிடித்த மூவரும் 55.2 என்றார்கள். லார்சனுக்குப் பிடித்த மூவரோ 55.0, 55.1, 55.1 என்றார்கள். கடிகாரப்படி லார்சனே வென்றவர். நடுவர்களின் கண்களோ சரிபாதியாகப் பிரிந்து நின்றன. பிரதம நடுவர் டெவிற்றின் பக்கம் தீர்ப்பளித்தார். லார்சனின் நேரமும் 55.2 என்றே பதிவாயிற்று. மேன்முறையீடு பயனளிக்கவில்லை. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே நீந்துபவரின் கையே தொட்டு நிறுத்தும் பலகைகள் சுவரிற் பொருத்தப்பட்டமைக்கு இத்தகைய சர்ச்சைகள் ஒரு காரணமாகும்.

அதே உரோமாபுரியில், இந்தியாவின் மில்கா சிங் 400 மீற்றர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து பதக்கத்தை இழந்தார். கையாற் குறித்தபடி அவர் நேரம் 45.6, மூன்றாவதாக வந்த தென்னாபிரிக்க வீரர் மல்கம் ஸ்பென்ஸின் நேரம் 45.5. பத்திலொரு செக்கனே பதக்கத்துக்கும் ஏமாற்றத்துக்கும் இடைப்பட்ட தூரம். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கேரளத்துப் பி. ரி. உஷா 400 மீற்றர் தடைதாண்டலில் 55.42 செக்கனில் ஓடி நான்காமிடம் பெற்றார். மூன்றாமிடத்து வீராங்கனையின் நேரம் 55.41. அன்று கைக்கடிகாரங்களே இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே நேரமே எழுதப்பட்டிருக்கும். கருவி நுட்பமாக நுட்பமாக, வேதனையும் நுட்பமாகிவிடுகிறது.

நம் நாட்டுப் பெருமையும் கடிகாரத்தோடு பிணைந்ததே. கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான டங்கன் வைற், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு நாடு 2000ஆம் ஆண்டுவரை, சுசந்திகா ஜயசிங்க சிட்னி நகரில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடும்வரை, காத்திருந்தது. வெண்கலமாகத் தொடங்கிய அப் பதக்கம், முதலாவதாக வந்தவர் பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்தால் நீக்கப்பட்டமையால் வெள்ளியாக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடிய யுபுன் அபேகோன், பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தென்னாசியரானார்.

யாழ்ப்பாணம் தந்த வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதை நம்மவர் மறவார். அவருடைய வெற்றியை அளந்தது அளவுகோல். உயரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள வேற்றுமையை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் குறுக்குத் தடியின் உயரத்தை மீண்டும் அளக்கலாம். தடி அங்கேயே இருக்கும். ஓடி முடிந்த ஓட்டத்தை எவர் மீண்டும் அளப்பது? ஓடியவர் நிற்கிறார், ஓடிய பாதை கிடக்கிறது, ஓடிய காலம் மாத்திரம் போய்விட்டது. அதற்கு எஞ்சிய ஒரே சாட்சி, மேடையில் நின்றவரின் துண்டுக் கடதாசி.

காலம் அளப்போர்

இந்தச் சாட்சியத்தின் அருமையைப் பழந்தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் எழுத்தின் ஒலிக்கு மாத்திரையளவு கூறவந்தபோது, கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே அளவாகக் கொண்டார். உடம்பே அன்று கடிகாரம். ஒரு நாழிகை 24 நிமிடம். அதன் அறுபதிலொரு பங்கு விநாடி. ஆகவே பழைய விநாடி இன்றைய 24 செக்கனுக்குச் சமம். நூறு மீற்றர் ஓட்டம் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

முல்லைப்பாட்டிலே, அரசனின் பாசறையில் நீர்க்கடிகாரம் கொண்டு பொழுதளந்து கூறுவோர் வருகின்றனர். அவர்களுக்குப் புலவர் கொடுக்கும் அடைமொழி, கூரிய கண்ணினர் என்பதன்று. விரைந்த கையினர் என்பதுமன்று. பொய்யாதவர் என்பதே அது. ஈராயிரம் ஆண்டளவு பழமையான அவ் அடைமொழியை உக்குவளை மேடையிலே நாம் நேரிற் கண்டோம்.

இன்று பெரிய போட்டிகளில் மனிதக் கட்டைவிரலுக்கு வேலை குறைந்துவிட்டது. துப்பாக்கியின் வெடியே கருவியை இயக்குகிறது. முடிவுக் கோட்டை இடைவிடாது படமெடுக்கும் கருவி, நெஞ்சு கோட்டைத் தொட்ட கணத்தைக் காட்டுகிறது. 400 மீற்றர் வரையான ஓட்டங்களில் உலக சாதனைக்கு மின்கருவி நேரத்தையே ஏற்பது என 1977ஆம் ஆண்டிலிருந்து விதியாயிற்று. நல்லதே. எனினும் அக்கருவியின் விலை, புல்லில் சுண்ணாம்புக் கோடிடும் பாடசாலைகளுக்கு எட்டாதது. நாளை படக்கருவியின் முன்னே ஓடப்போகும் பிள்ளையை இன்று கண்டெடுப்பது, ஏதோ ஒரு சிற்றூரில் வெயிலில் நிற்கும் ஆசிரியரின் கையிலுள்ள கடிகாரமே. அங்கே ஒரு பத்திலொரு பங்கு தவறினால், அப்பிள்ளை பெரிய மைதானத்தின் வாசலையே காணாமற் போகலாம்.

மாணாக்கர் செய்து பார்க்கத்தக்கவை

இதை வாசிக்கும் மாணவ மாணவியர் இரண்டு சோதனைகளைத் தாமே செய்து பார்க்கலாம். முதலாவது: நிறுத்தற் கடிகாரத்தை எடுத்து, கண்ணால் எண்களைப் பார்க்காமல், சரியாக ஐந்து செக்கனில் நிறுத்த முயலுங்கள். பத்து முறை செய்து பத்து விடைகளையும் எழுதுங்கள். உங்கள் விரல் எத்தனை விதமாகப் பேசுகிறது என்பது விளங்கும். இரண்டாவது: மைதானத்தின் ஒரு முனையில் நண்பர் ஒருவரை நிறுத்தி, இரு பலகைகளைத் தலைக்குமேல் உயர்த்தி அடிக்கச் சொல்லுங்கள். நூறு மீற்றர் தொலைவில் நின்று பாருங்கள். பலகைகள் சேர்வதைக் கண் முதலிற் காணும். ஓசை பின்னரே வந்து சேரும். அந்த இடைவெளியைக் கண்டவர்கள், பிறகு ஒருபோதும் காதை நம்பிக் கடிகாரத்தை அமுக்கமாட்டார்கள்.

மூன்றாவது சோதனையொன்றும் உண்டு. அதை வீட்டிலோ மைதானத்திலோ நாமாக ஏற்பாடு செய்ய முடியாது. வாழ்க்கையே ஒருநாள் அதை நம் முன்னே வைக்கும். நமக்கு வேண்டியவர் ஓடும்போது, கடிகாரம் நம் கையில் இருக்கும்போது, நாம் கண்டதை எழுதுவோமா, விரும்பியதை எழுதுவோமா என்பதே அது. இளம் ஆசிரியர் ஒருவர் அச் சோதனையில் தேறியதை உக்குவளையிலே கண்டோம். அவருக்குக் கிண்ணம் வழங்க அன்று எவரும் எண்ணவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அழைப்பு விடுத்ததும், கடிகாரத்தைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு, நூறு மீற்றருக்கு அப்பால் எழப்போகும் புகையை நோக்கிக் கண்ணிமையாது நின்றார்.